நாயைக் கண்டாலே கட்டிக்கொள்ளும் குழந்தை: ஆடிப் பயணத்துக்கு முன் சில வார்த்தைகள்

கேள்வி: ஐயா, நாங்கள் சேந்தமங்கலம் பக்கம் மூன்று ஏக்கரில் மரவள்ளியும் நிலக்கடலையும் போடுகிறோம். மகனுக்கு இரண்டு வயது. எந்த நாயைக் கண்டாலும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலையில் இருக்கும் நாத்தனார் வீட்டில் இரண்டு நாள் தங்கி, அறப்பளீஸ்வரர் கோயிலும் வல்வில் ஓரி விழாவும் பார்த்துவர இருக்கிறோம். அவர்கள் தோட்டத்து நாய் குட்டி போட்டிருக்கிறதாம். "கடிச்சிடும்னு சொல்லிப் பயமுறுத்தி வை" என்கிறார் மாமியார். எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டு நாயையும் கூட்டிப் போகலாமா?
- வாசகி, சேந்தமங்கலம்

பதில்: பயமுறுத்த வேண்டாம், அம்மா. பயந்த குழந்தை நாயைப் பார்த்ததும் கத்திக்கொண்டு ஓடும். ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். ஆனால் உங்கள் மாமியாரின் கவலையையும் ஒதுக்கிவிடக் கூடாது. பெரியவர்களுக்கு நாய்க்கடி பெரும்பாலும் காலிலும் கையிலும் படும். இரண்டு வயதுக் குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருக்கிறது. அதனால் கடி முகத்திலும் கழுத்திலும் தலையிலும் விழுகிறது.

இன்னொன்று, குழந்தைகளைக் கடிப்பது தெருநாய் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வீட்டு நாய், மாமா வீட்டு நாய், பக்கத்துத் தோட்டத்து நாய் என்று பழகிய நாய்களும் கடிக்கின்றன. பழகியது என்பதால் நாம் கவனத்தைத் தளர்த்திவிடுகிறோம்.

இரண்டு வயதுக்காரனுக்கு விதி சொல்லிப் பயனில்லை. விதி பெரியவர்களுக்குத்தான். நாய் அருகில் இருக்கும்போது, கை நீட்டினால் பிள்ளையைத் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். விருந்து வீட்டில் பத்துப் பேர் இருந்தால் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று எல்லோரும் இருந்துவிடுவோம். "இந்த ஒரு மணி நேரம் நீங்கள், அடுத்தது நான்" என்று பெயர் சொல்லிப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

குட்டி போட்ட நாய் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோகவே வேண்டாம். எவ்வளவு சாதுவான நாயும் குட்டிக்காகக் கடிக்கும். நாத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லி, குட்டிகள் இருக்கும் கொட்டகைக்குப் படல் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், கட்டிப்போட்ட நாய், நோயுள்ள நாய் ஆகியவற்றிடமும் அப்படித்தான்.

நாய் கடிப்பதற்கு முன் பெரும்பாலும் நமக்குச் சொல்லிவிடும். பிள்ளை கட்டிப்பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, உடம்பு விறைத்துப்போவது எல்லாம் 'என்னை விடு' என்பதற்கான அடையாளம். அடுத்தது உறுமல். உறுமினால் நாயை அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். பிள்ளையை மெதுவாகத் தூக்கிக்கொண்டு விலகுங்கள்.

அவன் ஆசையைக் கெடுக்கவும் வேண்டாம். நாய் தானாக அருகில் வந்தால், உங்கள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, உங்கள் கைக்குள் அவன் கையை வைத்து, நாயின் தோள்பட்டையிலோ முதுகிலோ இரண்டு முறை தடவ வையுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். நாய் இன்னும் நெருங்கி வந்தால் அதற்குப் பிடித்திருக்கிறது. விலகிப் போனால் போதும் என்று பொருள். கழுத்தைக் கட்டுவதும் முகத்தோடு முகம் வைப்பதும் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

உங்கள் நாயை மலைக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்பதே என் யோசனை. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழக்கமில்லாத நாய் வாந்தி எடுக்கும். மடியில் குழந்தை, காலடியில் மிரண்ட நாய் என்று போவது ஆபத்து. ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளிலும், ஆடிக் கூட்டத்திலும், கையில் பிள்ளையோடு நாயையும் சமாளிக்க முடியாது. அங்குள்ள நாய்கள் உங்கள் நாயைத் தங்கள் எல்லைக்குள் வந்ததாகப் பார்க்கும். நாய்ச்சண்டைக்கு நடுவே போய் நிற்பது உங்கள் பிள்ளையாகத்தான் இருக்கும். இரண்டு நாள் நாயைக் கட்டிப்போட்டுவிட்டும் போகாதீர்கள். பழகிய பக்கத்து வீட்டாரிடம் சோறு தண்ணீருக்குச் சொல்லி, நிழலில் விட்டுச் செல்லுங்கள்.

கோயில், அருவிப் பக்கம் குரங்குகளும் உண்டு. பிள்ளை கையில் தின்பண்டம் கொடுத்து நடக்கவிடாதீர்கள். குரங்கு கடித்தாலும் பிறாண்டினாலும் நாய்க்கடிக்குச் செய்வதையே செய்ய வேண்டும்.

அது என்ன என்பதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. நோய்க்குறி தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் அதற்கு முன்பே முறையாகச் சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். முகத்தில் கடித்தால் மூளைக்குத் தூரம் குறைவு, அதனால் அவசரம் அதிகம்.

கடித்தாலோ, பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினாலோ, புண்ணிலோ வாயிலோ நாய் நக்கினாலோ முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைக்கிறது. அதனால் பயணப் பையில் ஒரு சோப்புக் கட்டியும் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள்.

கழுவியவுடன் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மலையில் இருந்தால் செம்மேடு, கீழே இருந்தால் உங்களுக்கு அருகில் உள்ளது. வண்டி இல்லையென்றால் 108. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி. ரத்தம் வந்த காயமென்றால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிலும் 'இம்யூனோகுளோபுலின்' என்ற மருந்தும் போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை காப்பது இந்த மருந்துதான். இது வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அங்கே இருப்பில் இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு அன்றே போங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். 10 நாள் கண்காணிக்க வேண்டும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு 'நாய் கீறியது' என்று சொல்லத் தெரியாது. காரணம் தெரியாமல் அழுதால் சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கப் பாருங்கள்.

கேள்வி: தடுப்பூசி என்றால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்கிறார்கள். குழந்தை தாங்குமா?
- வாசகர், ராசிபுரம்

பதில்: அது பழைய காலம். ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் போட்டார்கள். 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அந்த மருந்தைத் தயாரித்தது. அந்த வகை ஊசி நம் நாட்டில் 2005-க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுவது கையிலோ, சிறு குழந்தைக்குத் தொடையிலோ சாதாரண ஊசிதான். அந்த 14 ஊசிப் பயத்தில் நாட்டு மருந்து தேடிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆடியில் கிடா வெட்டும்போது ஈரல், நுரையீரலை நாய்க்குப் போடுகிறோம். தவறா?
- வாசகர், கொல்லிமலை

பதில்: பச்சையாகப் போடுவது தவறு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர் நிரம்பிய கட்டிகள் இருக்கும். அவற்றுக்குள் ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவம் இருக்கிறது. நாய் அதைத் தின்றால் குடலில் புழு வளர்ந்து, மலத்தில் முட்டை வரும். நாயின் முடியில் ஒட்டியிருக்கும் முட்டை, நாயைத் தடவிவிட்டு விரலைச் சூப்பும் குழந்தையின் வயிற்றுக்குப் போனால், அதே நீர்க்கட்டி குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ வளரும். பல வருடம் கழித்துத்தான் தெரியவரும். அறுவைச் சிகிச்சைகூடத் தேவைப்படலாம். ஆகவே கட்டியுள்ள உறுப்பை நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். மற்றதை நன்றாக வேகவைத்துப் போடுங்கள்.

குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் குடற்புழு மருந்து கொடுங்கள். அளவு எடையைப் பொறுத்தது. கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். ஆட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் மருந்தைக் கொடுக்காதீர்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்ற நாயையும் அதில் செதுக்கி, பெயரையும் பொறித்திருக்கிறார்கள். நாய்க்குக் கல்லெடுத்த ஊர் நம்முடையது. இன்று அதற்கு நாம் செய்ய வேண்டியது ஆண்டுக்கு ஓர் ஊசிதான். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் நாள். 1885-இல் அதே நாளில்தான் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் தடுப்பூசி போடச் செய்தார். அன்றைக்குப் பல கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். ஊசி வேலை செய்ய மூன்று, நான்கு வாரம் ஆகும். அன்று போட்டால் ஆடிப் பதினெட்டுக்குச் சரியாக இருக்கும். சேந்தமங்கலம் சகோதரி நாத்தனாருக்கு இப்போதே போன் செய்து, தாய் நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுவிடுங்கள். போடவில்லையென்றால் செம்மேட்டில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.