விற்ற பின்னும் விற்றவன் கையில்

தொலைக்காட்சியைப் பற்றி நம்மிடையே எழும் விவாதங்கள் பெரும்பாலும் அது எதைக் காட்டுகிறது என்ற வினாவோடு முடிந்துவிடுகின்றன. மலினமான நாடகங்கள் பற்றியும் பண்பாட்டுச் சீரழிவு பற்றியும் நிறையவே எழுதியாயிற்று. ஆயின், 'ஸ்மார்ட்' என்ற அடைமொழியோடு விற்கப்படும் இணையத் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை அவ்வினா மட்டும் போதாது. அது நம்மிடம் எதைப் பார்க்கிறது, எவ்வளவு காலம் வாழ விடப்படுகிறது என்பனவும் கேட்கப்படல் வேண்டும். இவ்விரண்டும் தனித்தனிக் குறைகள் போலத் தோன்றினும், ஒரே உடைமை உறவின் இரு விளைவுகளே என்பது எமது வாதம்.

முதலாவதை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் விசியோ நிறுவனம், திரையில் தோன்றும் காட்சியின் புள்ளிகளைக் கணத்துக்குக் கணம் எடுத்து, தன் களஞ்சியத்திலுள்ள நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு, வீட்டார் பார்ப்பது எது என அறிந்துவந்தது. கேபிள் ஒளிபரப்போ இறுவட்டோ எதுவும் அதற்குத் தப்பவில்லை. இவ்வாறு திரட்டிய தகவல் பிறருக்கு விற்கப்பட்டது. வயது, பால், வருமானம், கல்வி முதலிய விபரங்களை அதனோடு பொருத்தவும் வழி செய்யப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவும் நியூ ஜேர்சி மாநிலமும் முன்வைத்த முறைப்பாட்டின்படி, 2014ஆம் ஆண்டு முதல் 1 கோடி 10 இலட்சம் பெட்டிகளில் உரிய சம்மதமின்றி இது நிகழ்ந்தது. 2017 பெப்ரவரியில் நிறுவனம் 22 இலட்சம் டொலர் செலுத்தவும், இனி வெளிப்படையான சம்மதம் பெறவும் உடன்பட்டது. கணக்கிட்டால் பெட்டியொன்றுக்கு 20 சதம். ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் அவ்வளவுக்கே மதிக்கப்பட்டது!

இனி ஆயுளுக்கு வருவோம். 2010, 2011ஆம் ஆண்டுகளின் சாம்சங் தொலைக்காட்சிகள் சிலவற்றில் 2019 டிசெம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்தப்பட்டது. தொழினுட்ப வரையறையே காரணமெனக் கூறப்பட்டது. திரை பழுதுபடவில்லை, ஒலி குன்றவில்லை. எதற்காக வாங்கப்பட்டதோ அப்பயன் மாத்திரம், வாங்கியவரைக் கேளாமலே பறிக்கப்பட்டது.

இவ்விடத்து ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. விசியோ, முன்னரே விற்கப்பட்டு வீடுகளில் இருந்த பழைய பெட்டிகளிலும் தன் கண்காணிப்பு மென்பொருளைத் தொலைவிலிருந்தே நிறுவியது என்கிறது அதே முறைப்பாடு. நிறுவனங்கள் வேறாயினும் வழி ஒன்றே. பழைய பெட்டியால் பயன் பெறவேண்டியவர் நுகர்வோர் எனில், தொழினுட்பத்துக்கு மூப்பு வந்துவிடுகிறது. பயன் பெறுபவர் முதலாளி எனில், அதே பெட்டி இளமை பெற்றுவிடுகிறது. காசு கொடுத்தவரிடம் பெட்டி இருக்கிறது; அதன் திறவுகோலோ உற்பத்தியாளரிடமே தங்கிவிடுகிறது.

'விளம்பரமும் தரவும் இருப்பதாலன்றோ விலை மலிந்தது?' என்பர் சிலர். உண்மைதான். 2021ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில், விசியோவின் விளம்பர, தரவுப் பிரிவு ஈட்டிய மொத்த இலாபம் பெட்டி விற்பனையில் ஈட்டியதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. ஆனால் இது யாருக்குச் சலுகை? வசதி படைத்தவர் அதிக விலை கொடுத்துத் தப்ப முயலலாம். வறியவரோ தம் வீட்டு வாழ்வையே தவணைப் பணமாகச் செலுத்துகிறார். 'விரும்பாவிடின் இணையத்தைத் துண்டித்துவிடு' என்பாரும் உளர். இணையத்துக்கெனவே விலை கொடுத்தவரை நோக்கி இவ்வாறு கூறுதல் நியாயமன்று.

எனவே நாம் கோரவேண்டியவை தெளிவானவை. கண்காணிப்பு, வாங்குபவர் தாமாக இயக்கினாலன்றி இயங்கலாகாது. மென்பொருள் ஆதரவு எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்பது விலையோடு சேர்த்தே அறிவிக்கப்படல் வேண்டும். இது கற்பனைக் கோரிக்கையன்று: பாதுகாப்புப் புதுப்பித்தலின் குறைந்தபட்சக் காலத்தை வெளியிடுமாறு இணையத்தோடு இணையும் நுகர்பொருள்களின் உற்பத்தியாளரைப் பிரித்தானியச் சட்டம் 2024 ஏப்ரல் 29 முதல் கட்டாயப்படுத்துகிறது. ஆதரவை நிறுத்தும் நிறுவனம், பெட்டியின் திறவுகோலை அதன் உடைமையாளரிடம் ஒப்படைத்து, பிறர் எழுதும் மென்பொருளை ஏற்க வழிவிடல் வேண்டும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைப் பற்றிப் பேசுகிறது. பொருளின் ஆயுளைப் பற்றிப் பேசவில்லை. அவ்விடைவெளியைச் சுட்டிக்காட்டுவது சட்டம் பயில்வோரின் கடமை மாத்திரமன்று. வெகுசனத் தொடர்பு சாதனங்களை ஆராய்வதாகக் கூறும் கலைப்பீட மாணவராகிய நாம், திரையின் முன்பக்கத்தை மட்டும் விமர்சித்துக்கொண்டிருப்பது இனியும் தகாது.