கலையும் மதிப்பும்

தமிழகத்தின் வடபகுதியில் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களைத் தழுவிப் பரந்து கிடப்பது சவ்வாது மலை. அம்மலையிலே பிறந்து, செங்கத்தை அடுத்து ஓடிப் பாலாற்றோடு கலப்பது செய்யாறு. சங்க காலத்தில் அச்செங்கத்திலிருந்து ஆட்சி புரிந்தவன் நன்னன் என்னும் வேள். அவனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் வேறொரு கூத்தர் கூட்டத்தைக் கண்டு, மலைவழியின் நலங்களையும் இடர்களையும் எடுத்துரைத்து அவன்பால் செல்லுமாறு வழிப்படுத்துகின்றான். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் அதனை 583 அடிகளில் பாடியுள்ளார். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூலுக்கு மலைபடுகடாம் என்றும், கூத்தராற்றுப்படை என்றும் பெயர்கள் வழங்குகின்றன.

அந்நூலில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. கூத்தரும், அவரோடு ஆடிப் பாடும் விறலியரும் மலைச் சிற்றூர்களை அடைந்தால், அங்குள்ள எளிய மக்கள் அவர்களை உறவினரைப் போல வரவேற்று உணவளிப்பர் என்று புலவர் கூறுகின்றார். வேந்தனும் அவர்களை எதிர்கொண்டு போற்றுவான். ஆடுவோரும் பாடுவோரும் இரவலராக வந்தாலும், இழிந்தோராகக் கருதப்படவில்லை என்பது இதனால் விளங்கும்.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. 'கூத்தாடி' என்னும் சொல்லே வசைச்சொல் ஆயிற்று. மலையடிவாரத்து ஊர்களில் விடிய விடிய நிகழும் தெருக்கூத்தில் பாஞ்சாலியாகத் தோன்றியவரும் ஆடவரே. நாடகக் குழுக்கள் பெருகிய காலத்திலும், பல குழுக்களில் சிறுவர்களே பெண் வேடம் தாங்கினர். மேடையேறிய பெண்ணின் பாட்டைக் கேட்க மக்கள் திரண்டனர். ஆயினும் அவளைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தத் தயங்கினர். இத்தகைய காலத்திலேதான் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் மேடையேறினார்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையில் வறுமை அவரை வாட்டியது. இயல்பாக அமைந்த குரலே அவருக்குத் துணையாயிற்று. சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, இலங்கை வரை சென்று பாடி நடித்துப் புகழ் ஈட்டினார். அங்கே, இசையால் தமிழ்நாட்டை ஈர்த்த எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நடித்தார். பின்னர் அவரையே மணந்தார். அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டு கிட்டப்பா மறைந்தார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது 25. அணிகலன்களை நீக்கி, வெண்ணிற ஆடை பூண்டு, இனி ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்று அவர் உறுதி கொண்டார்.

துயரம் அவரது கலையை அழித்துவிடவில்லை. 1935ஆம் ஆண்டு வெளிவந்த 'நந்தனார்' படத்தில், அடியாராகிய நந்தனாராக அவரே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 1 இலட்சம் ரூபாய். பெண்ணொருத்தியின் உழைப்புக்கு அக்காலத்தில் அத்துணைப் பெரிய விலை கிடைத்தது வியப்பன்றோ? நாட்டு விடுதலைக்காகவும் அவர் மேடைதோறும் பாடினார். 1951ஆம் ஆண்டு சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். இந்தியத் திரையுலகிலிருந்து சட்டம் இயற்றும் அவைக்குச் சென்றவர்களுள் அவரே முதல்வர் என்பர். 'கூத்தாடி' என்று இகழப்பட்ட இனத்தாள் ஒருத்தி, நாட்டுக்குச் சட்டம் செய்வோருடன் சரியாசனத்தில் அமர்ந்தாள்!

1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட 'ஔவையார்' படம் அவரை வீடுதோறும் அறிமுகமாக்கியது. இதில் ஒரு பொருத்தம் உண்டு. சவ்வாது மலைக்குத் தென்மேற்கே உள்ளது பண்டைத் தகடூராகிய தருமபுரி. அதனை ஆண்ட அதியமானோடு நட்புப் பூண்ட சங்க கால ஔவையார், புறநானூற்றுப் பாட்டொன்றில் 'விறலி' என்றே விளிக்கப்படுகின்றார். ஆதலின் அவரும் ஆடிப் பாடும் மரபினரே என்று கருதும் அறிஞர் உளர். ஔவை வேடம் பூண்ட நடிகையை வணங்கிய மக்கள், தாம் அறியாமலே பழைய மதிப்பினை மீட்டுத் தந்தனர் எனலாம். அதன்பின் 'பூம்புகார்', 'திருவிளையாடல்' ஆகிய படங்களிலும் அவர் நடித்தார். 'துணைவன்' படப் பாடல்களுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதைப் பெற்றார். 1970ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கேட்டு மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. ஒரு வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். சுந்தராம்பாளை நாம் போற்றியது அவருடைய கலைக்காகவா, அன்றி அவர் மேற்கொண்ட துறவுக் கோலத்துக்காகவா? வெண்ணிற ஆடை உடுத்தாமல், மீண்டும் மணம் புரிந்து இன்பமாக வாழ்ந்திருந்தால், அதே குரலுக்கு அதே வணக்கம் கிடைத்திருக்குமா? துறவு அவர் தாமே தேர்ந்த நெறி, அது போற்றத்தக்கதே. ஆனால், கலைஞராகிய பெண் ஒருத்தி தன் இன்பத்தைத் துறந்து காட்டினாலன்றி மதியோம் என்று உலகம் எண்ணுமாயின், அது நீதி ஆகாது.

'இன்று நடிகையரை மக்கள் அளவின்றிக் கொண்டாடுகின்றனரே. இன்னும் என்ன மதிப்பு வேண்டும்?' என்று சிலர் வினவலாம். கொண்டாட்டம் வேறு, மதிப்பு வேறு. திரையில் கண்டு ஆரவாரித்த வாயே, மறுநாள் அவர்தம் சொந்த வாழ்வைப் பழித்துப் பேசுமாயின், அதனை மதிப்பென்று எங்ஙனம் கூறுவது? 1975ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த தொலைக்காட்சி, நடிகையரை நம் வீட்டுக் கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டது. அரங்கின் இருளில் பேசிய பழிச்சொல், இப்பொழுது நம் பிள்ளைகளின் காதில் விழுகின்றது.

மாணவர்களே! பாட்டும் நடிப்பும் பயிற்சியால் கைவரும் கலைகள். அவற்றில் வல்லவரை உழவரையும் ஆசிரியரையும் மதிப்பது போலவே மதித்தல் வேண்டும். நும் வகுப்பில் ஆடவும் பாடவும் வல்ல மாணவி ஒருத்தி இருப்பாள். அவள் மேடையேற விரும்பினால், 'கூத்தாடி' என்று நகையாடாதீர். அன்று மலையேறி வந்த கூத்தரைத் தினையுணவு தந்து போற்றிய குன்றவர், இவ்வகையில் நமக்கு ஆசிரியர் ஆவர்.