கல்வெட்டில்லாக் கட்டடங்களும் தமிழாய்வின் மௌனமும்

தமிழில் கட்டடக்கலை ஆய்வு என்பது பெரிதும் கோயிற்கலை ஆய்வாகவே சுருங்கிவிட்டது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிக் கோயில் எடுப்பித்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் மகேந்திரவர்மன் கூறுவதைப் போற்றுவோரும், தஞ்சைக் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயர் காணப்படுவதைப் பெருமையுடன் சுட்டுவோரும் அந்தமானை நோக்குவதில்லை. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் இடம்பெறுவதைச் சொல்லி அமைந்துவிடுகின்றனர்.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரின் டெலானிபூர், அபர்தீன் முதலிய பகுதிகள் ஆய்வுக்களங்களாகக் கருதப்படவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்து மிகுதியானோரின் தாய்மொழி தமிழே என்பது நோக்கத்தக்கது.

‘அவை ஆங்கிலேயர் கட்டடங்கள், அவற்றில் கல்வெட்டுமில்லை, தமிழ் மரபுமில்லை’ என்பர் சிலர். இக்கூற்று பொருந்தாது. 1896 முதல் 1906 வரை எழுப்பப்பெற்ற செல்லுலர் சிறையைப் பற்றி எழுதுவோர், அதன் செங்கல் பர்மாவிலிருந்து வந்ததெனத் தவறாது குறிக்கின்றனர். அச்செங்கல்லைச் சுமந்து அடுக்கியோர் நாடுகடத்தப்பட்ட கைதிகளே என்பதோ ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சென்னை மாகாணத்திலிருந்தும் கைதிகள் இத்தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். பெருந்தச்சன் பெயரைத் தேடிக் கண்ட ஆய்வு இவர்தம் பெயரைத் தேடாதது ஏன்? கல்வெட்டு இல்லையெனின் அரசாவணங்கள் உள. சிறையின் ஏழு சிறகுகளுள் இன்று எஞ்சியவை மூன்றே, சான்றுகள் காத்திருப்பதில்லை.

மரக்கட்டடங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1883இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை நிறுவப்பெற்றது. தீவுக் காட்டு மரமே இந்நகர வீடுகளுக்கு உடலாயிற்று. 2004 திசம்பர் 26 நிலநடுக்கத்தில் கற்காரைக் கட்டடங்கள் பல சேதமுற, மரபுவழி மரவீடுகள் பெரும்பாலும் நிலைத்து நின்றதைப் பொறியியலறிஞர் பதிவு செய்தனர். 2002ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற ஆணை மரம் வெட்டுதலையும் கடற்கரை மணல் எடுத்தலையும் கட்டுப்படுத்தியது. எனவே இடிக்கப்படும் பழைய மரவீட்டை அதே பொருளால் மீண்டும் எழுப்புதல் எளிதன்று. அதனை அறிந்த தச்சரின் தொழிற்சொற்களும் வீட்டோடு மறைகின்றன. அச்சொற்களைத் தொகுப்பது பொறியாளர் பணியன்று, தமிழ்த்துறைகளின் பணியாகும்.

எவையெவை இன்றிக் கட்டினோம் எனப் பொறித்துவைக்க மன்னனுக்குக் கல் இருந்தது. கைதிக்கும் தச்சனுக்கும் அது வாய்க்கவில்லை. அக்குறையை நிறைவு செய்யாத ஆய்வு, பொறிக்கப்பட்டதை மட்டும் படியெடுக்கும் பணியாகவே எஞ்சும்.