கேக் அடுப்பு இல்லாத வீட்டிலும் பிறந்தநாள்

செபராங் ஜெயாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து நான்கு வருடமாகிறதாம். வருகிற வெள்ளிக்கிழமை மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது நிறைகிறது. பள்ளித் தோழிகள் வருவார்கள். எதிர்வீட்டு மலாய்க்காரக் குடும்பத்தையும் கூப்பிட வேண்டும். மாமியார் வெள்ளிக்கிழமை முட்டையைத் தொடமாட்டார். வீட்டில் கேக் சுடும் அடுப்பு இல்லை. கடையில் வாங்கினால் அந்த வாரத்துச் சந்தைச் செலவில் துண்டு விழும். "கேக் இல்லாமல் என்ன பிறந்தநாள் என்று பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். என்ன செய்யட்டும் அக்கா?" என்று கேட்கிறார்.

அகார் அகார் செய்யுங்கள், தங்கச்சி. "பூ, இவ்வளவுதானா!" என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். வட்டப் பாத்திரத்தில் உறைய வைத்துத் தட்டில் கவிழ்த்தால் கேக் மாதிரியே நிற்கும். மெழுகுவத்தி குத்தலாம், கத்தியால் வெட்டலாம். செலவு கடைக் கேக்கில் பாதிகூட ஆகாது.

ஜெல்லி பாக்கெட் வாங்கலாமே என்பீர்கள். பல ஜெல்லிகளில் இருப்பது ஜெலட்டின். மாடு, பன்றி இவற்றின் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுப்பது. ஹலால் முத்திரை இருந்தால் எதிர்வீட்டார் சாப்பிடலாம். உங்கள் மாமியாருக்கு அதுவும் ஆகாது. அகார் அகாரோ கடல்பாசி. ஒரே தட்டிலிருந்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடலாம். நம் ஊர் வெயிலில் ஜெலட்டின் மேசைமேல் இளகிவிடும். அகார் அகார் ஒருமுறை உறைந்தால் கொதிக்கிற அளவுக்குச் சூடு பட்டால்தான் திரும்பக் கரையும்.

இந்தக் குணத்தால் அது மருத்துவ உலகத்துக்கே போய்ச் சேர்ந்த கதை ஒன்று உண்டு. 1881இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர், ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஜெலட்டின்மேல் வளர்த்துப் பார்த்தார். கோடை வந்ததும் ஜெலட்டின் உருகி ஓடியது. உங்கள் ஜெல்லி மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது என்று மனைவி ஃபேன்னியைக் கேட்டார். அந்த அம்மாள் நியூயார்க்கில் வளர்ந்தவர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த டச்சுக்காரப் பக்கத்துவீட்டாரிடம் அகார் அகார் செய்யக் கற்றிருந்தார். அதைச் சொன்னார், அன்று முதல் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்ப்பது அகார்மேல்தான். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதியபோது அகாரைக் குறிப்பிட்டார், அந்த அம்மாளின் பெயரைக் குறிப்பிடவில்லை. சமையற்கட்டுக்காரிகளின் பெயர் எங்கேதான் ஏறியது!

இனி அடுப்படிக்கு வருவோம். அகார் அகார் தூள் 12 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், குலா மலாக்கா 150 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 250 மில்லி, பாண்டான் இலை இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை. தூளைப் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும். சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டும். பத்து நிமிடம் ஊறட்டும். பிறகு முடிச்சுப் போட்ட பாண்டான் இலையோடு அடுப்பில் ஏற்றி, அடிபிடிக்காமல் கிண்டுங்கள். கொதி வந்தபின் மூன்று நான்கு நிமிடம் விடாமல் கொதிக்க வேண்டும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் குருணை தெரியக்கூடாது. இதில் அவசரப்பட்டால் ஓரிடம் கெட்டியாகவும் ஓரிடம் தண்ணீராகவும் உறையும். குலா மலாக்காவைத் தட்டிப் போட்டுக் கரைத்து வடிகட்டுங்கள். அதில் மண்ணும் தும்பும் இருக்கும். திரும்ப அடுப்பிலேற்றித் தேங்காய்ப்பாலையும் உப்பையும் சேருங்கள்.

இரண்டு அடுக்கு வேண்டுமென்றால், பால் சேர்த்தபின் நன்றாகக் கொதிக்கவிட்டு, சூட்டோடு பாத்திரத்தில் ஊற்றி ஆடாமல் வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பு மேலே மிதந்து வெள்ளையாக நிற்கும், அடியில் தேன் நிறம். ஒரே நிறம் போதுமென்றால் பால் சேர்த்து லேசாகச் சூடேறியதும் இறக்கி, கொழகொழப்பாகும்வரை கிண்டிவிட்டு ஊற்றுங்கள். மேசைமேலேயே ஒரு மணி நேரத்தில் உறையும். பிறகு மூடி, குளிர்ப்பெட்டியில் மூன்று மணி நேரம். பெட்டி இல்லாத வீட்டிலும் இது உறையும் என்பதால்தான் லயத்தில் இருந்த காலத்திலேயே நம்மவர்களுக்கு இது கைவந்தது.

பிள்ளைகளுக்கு மைலோ கலந்து இன்னொரு நிறம் வேண்டுமா? கீழ் அடுக்கு லேசாக உறைந்து, தொட்டால் விரலில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைச் சூடாக ஊற்ற வேண்டும். முழுவதும் ஆறிப்போனால் வெட்டும்போது இரண்டும் தனித்தனியே வழுக்கும். புளிப்புப் பழச்சாறு சேர்த்தால் அடுப்பிலிருந்து இறக்கியபின் சேருங்கள். புளிப்போடு கொதித்தால் அகார் பலம் இழக்கும்.

சீனி விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் நீரிழிவு என்று தெரிந்தது. மாமியாருக்கும் அது இருந்தால், தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் சேர்க்குமுன் ஒரு கிண்ணம் எடுத்து, இனிப்பில்லாமல் பாண்டான் வாசத்தோடு தனியாக உறைய வையுங்கள். கைக்குழந்தைகள் வந்தால் பெரிய துண்டாகக் கொடுக்காமல் நசுக்கிக் கொடுங்கள்.

கவிழ்க்கும்போது ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திக் காற்று உள்ளே போகவிட்டால் தானே இறங்கும். தேங்காய்ப்பால் சேர்ந்தது, ஆகவே விருந்து மேசையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம். மீந்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். ஐஸ் கட்டும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்து இளகினால் தண்ணீரெல்லாம் கழன்று பஞ்சாகிவிடும். ஜப்பானியர் பனிக்காலத்தில் அப்படி வெளியே போட்டுத்தான் அகாரைக் காயவைத்தார்கள்.