குடிபெயர்வோரும் பொதுப் பாடசாலையும்

சித்திரைத் திருவிழா முடிந்து கள்ளழகர் மலைக்குத் திரும்பிய பின்னர், மதுரை மாநகரில் ஆண்டுதோறும் வேறொரு ஊர்வலம் ஆரம்பமாகிறது. உத்தியோக மாற்றல் உத்தரவுகள் வருகின்றன; வாடகை வீடுகள் கை மாறுகின்றன; பெட்டியும் பாத்திரமும் ஏற்றிய வண்டிகள் திருநகருக்கும் ஆனையூருக்கும் வில்லாபுரத்துக்கும் ஒத்தக்கடைக்கும் போகின்றன. ரயில்வேயிலும் பாங்கிலும் வேலை செய்யும் சிப்பந்திகள் வருகிறார்கள். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் வானம் பார்த்த பூமியை விட்டுப் பிழைப்புத் தேடிக் குடியானவர்கள் வருகிறார்கள். 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது முதல், சென்னையில் தொழில் நடத்திவந்த வக்கீல்களும் அவர்களுடைய குமாஸ்தாக்களும் குடும்ப சகிதமாக இங்கே வந்திருக்கின்றனர். வருபவர் யாவரும் முதலில் வாடகையை விசாரிக்கிறார்கள், பிறகு தண்ணீரை, மூன்றாவதாக, இங்கே நல்ல பள்ளிக்கூடம் எது என்று கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கு விடை சொல்பவர் யார்? வீட்டுத் தரகர், அல்லது எதிர்வீட்டுக்காரர், அல்லது மளிகைக் கடைக்காரர். ‘கார்ப்பரேஷன் பள்ளிக்கூடமா? வேண்டாம், சார்’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். அவர் அப்பாடசாலையின் வாசற்படியை மிதித்தவரா என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஒரு வார்த்தையின் மேல் ஒரு குழந்தையின் பத்து வருஷப் படிப்பு தீர்மானமாகிறது. நியாயஸ்தலத்தில் இதைக் கேள்விச் சாட்சியம் என்று தள்ளிவிடுவார்கள். நூறு ரூபாய்க் கடனுக்கும் எழுத்து கேட்கும் கனவான்கள், சொந்தக் குழந்தையின் விஷயத்தில் மட்டும் இதை ஒப்புக்கொள்வது எங்ஙனம் என்று நமக்கு விளங்கவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இதே கனவான்கள் தனியார் பாடசாலையின் கூடத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்து, தங்கள் படிப்பு, சம்பளம், வீட்டில் பேசும் பாஷை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பணிவுடன் பதில் சொல்கிறார்கள். குழந்தையையோ பெற்றோரையோ இவ்வாறு சோதித்துச் சேர்ப்பதை 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு தடுத்திருக்கிறது; முதல் தவறுக்கு 25,000 ரூபாய் வரையிலும், பின்னர் ஒவ்வொரு தவறுக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. தம்மைச் சோதிக்கச் சட்டப்படி அதிகாரமில்லாத ஸ்தாபனத்துக்குத் தலை குனிகிறவர்கள், தாம் போய்ச் சோதிக்க முழு உரிமையுள்ள பொதுப் பாடசாலையைப் பாராமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

கொஞ்சம் விவரமறிந்தவர்கள் தேர்ச்சி சதவீதத்தைக் கேட்பார்கள். அதுவும் நம்பத்தக்கதன்று. பரீட்சைக்கு உட்கார்ந்தவர்களில் தேறியவர் எத்தனை பேர் என்பதை மட்டுமே அக்கணக்குச் சொல்லும். உட்காராதபடி முன்னரே வெளியே அனுப்பப்பட்டவர்களைச் சொல்லாது. ஒன்பதாம் வகுப்பில் மந்தமான பிள்ளைகளைக் களைந்துவிட்டுப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு என்று விளம்பரப் பலகை கட்டுவதில் சாமர்த்தியம் இருக்கலாம். போதனை இருக்க வேண்டியதில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடவைக்கும் வழக்கம் பல பாடசாலைகளில் ஊறிப்போனதால்தான், 2018-ஆம் வருஷத்தில் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வந்தது. அதற்கு முந்தின வருஷமே, முதலிடம் இரண்டாமிடம் என்று மாணவர் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைச் சர்க்கார் கைவிட்டது. இங்கிலாந்தில் 1992 முதல் பாடசாலைகளின் பரீட்சைப் பலனை அட்டவணைகளாக வெளியிட்டு வந்தார்கள். அடுத்திருக்கும் வேல்ஸ் நாட்டினர் 2001-ல் அதை நிறுத்திவிட்டனர். அட்டவணையை நம்பினவர்கள் அங்கே நல்ல பாடசாலைக்கு அருகில் வீடு தேடி வாடகையை ஏற்றினார்கள். வாடகை கொடுக்க முடியாதவனுடைய பிள்ளை பின்தங்கினான். நமது ஊரின் புதிய குடியிருப்புகளில் இக்காட்சி தோன்றத் தொடங்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிற்க. மதுரைக்குப் புதிதாக வருபவர் முதலில் திகைப்பது, இங்குள்ள பொதுப் பாடசாலைகளின் பல வகைகளைக் கண்டுதான். நகருக்குள் மாநகராட்சிப் பாடசாலைகள் இருக்கின்றன. வெள்ளிவீதியார், பொன்முடியார், அவ்வை, காக்கைபாடினியார் என்று சங்க காலப் பெண்பாற் புலவர்களின் பெயர்களைப் பெண்கள் பாடசாலைகளுக்குச் சூட்டியிருப்பது இந்நகருக்கே உரிய அழகு. 1904-ல் பாரதியார் சில மாதம் தமிழ்ப் பண்டிதராக இருந்த சேதுபதி பாடசாலையைப் போன்ற உதவி பெறும் பாடசாலைகள் மற்றொரு வகை. நகரெல்லையைத் தாண்டினால் ஊராட்சி ஒன்றியப் பாடசாலைகளும், சர்க்கார் உயர்நிலைப் பாடசாலைகளும், ஆதி திராவிடர் நலப் பாடசாலைகளும் உண்டு. செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் போனால் ‘கள்ளர் சீரமைப்பு’ என்று எழுதிய பலகையைப் பார்த்து வெளியூரார் வியப்படைவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் மக்களைக் கைரேகை பதிக்கக் கட்டாயப்படுத்திய காலத்தில், 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்கள் மாண்டன. அக்கொடுமையின் மறுபக்கமாக அன்றைய சர்க்கார் நடத்திய சீரமைப்புத் திட்டத்தில் தோன்றியவை இப்பாடசாலைகள். பலவகை இலாகாக்களின் பாடசாலைகளையும் பள்ளிக் கல்வி இலாகாவின்கீழ் சேர்ப்பதாக 2023-ஆம் வருஷத்து பட்ஜெட்டில் அறிவித்தபோது, தங்கள் பாடசாலைகளைத் தங்களிடமிருந்து பறிக்கிறார்கள் என்று அப்பகுதி மக்கள் ஆட்சேபித்ததற்கு இந்தச் சரித்திரமே காரணம். பலகையிலுள்ள இலாகாவின் பெயரைக் கொண்டு பாடசாலையை மதிப்பது பெருந்தவறு. எந்தப் பெயருள்ள பலகைக்குப் பின்னாலும் நல்ல உபாத்தியாயரும் இருக்கலாம்; காலி நாற்காலியும் இருக்கலாம்.

அந்த நாற்காலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை உபாத்தியாயர் என்ற கணக்கைக் கேட்டுத் திருப்தியடைந்துவிடலாகாது. தொடக்கப் பாடசாலையில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு உபாத்தியாயர் போதுமென்று சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. முப்பது பேருக்கு ஒருவர் என்றால் கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் வகுப்புகள் ஐந்து! ஓர் உபாத்தியாயர் இரண்டு வகுப்பையும் மற்றவர் மூன்று வகுப்பையும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும். அவர்களில் ஒருவர் கூட்டத்துக்கோ, தேர்தல் வேலைக்கோ, பிரசவ லீவிலோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும். ஆகையால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, அவற்றில் நிரம்பியவை எத்தனை, இன்று இந்த நிமிஷத்தில் வகுப்பில் நிற்பவர் எத்தனை பேர்?

அடுத்தபடியாக, மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றை அழைத்து, இரண்டாம் வகுப்புப் புஸ்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லலாம். ‘பிரதம்’ என்னும் ஸ்தாபனத்தார் 2005 முதல் இந்தியாவின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளைச் சோதிப்பது ஏறக்குறைய இவ்வாறுதான். இதற்கு இன்ஸ்பெக்டர் தேவையில்லை. தலைமை உபாத்தியாயரிடம் மரியாதையாகக் கேட்டால் போதும். நல்ல தலைமை உபாத்தியாயர் இதற்குச் சந்தோஷப்படுவார். சந்தோஷப்படாதவரைப் பற்றியும் அதிலிருந்தே ஒரு முடிவுக்கு வரலாம். சோதனைக்குத் தேர்ந்தெடுக்கும் குழந்தை, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக இருக்க வேண்டாம்.

பிறகு கக்கூஸைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல நாம் கூச்சப்படவில்லை. கதவு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பெண் குழந்தைகளுக்குத் தனியே உண்டா என்பதைப் பார்த்துவிட்டு, அதைக் கழுவுவது யார் என்றும் விசாரிக்க வேண்டும். குறிப்பிட்ட சில பிள்ளைகளை மட்டும் விளக்குமாறு பிடிக்கச் செய்யும் பாடசாலை, பரீட்சையில் நூறு சதவீதம் காட்டினாலும் நமக்கு வேண்டாம். 1939-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி வக்கீல் வைத்தியநாதய்யர் அரிஜன சகோதரர்களுடன் மீனாட்சி கோவிலுக்குள் பிரவேசித்த நகரம் இது. கோவிலில் ஒழிந்த பேதம் வகுப்பறையின் பெஞ்சில் இருக்கிறதா, சாப்பாட்டு வரிசையில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துவர ஒரு காலைப் பொழுது போதும்.

காலையில் போகும்படி சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை ஆகாரம் அளிக்கும் திட்டம் 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பாடசாலையில் துவக்கிவைக்கப்பட்டது. அப்பொழுது 1,545 பாடசாலைகளுக்கு ஏற்பட்ட அது, அடுத்த வருஷம் தமிழ்நாடெங்குமுள்ள சர்க்கார் தொடக்கப் பாடசாலைகளுக்குப் பரவிற்று. ‘சோறு போடும் பள்ளிக்கூடம்’ என்று ஏளனம் செய்யும் படித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமது குழந்தையை வயிறு நிரப்பாமல் அவர்கள் வேனில் ஏற்றுவதுண்டா? ஆகாரம் வேளைக்கு வருகிறதா, அது முடிந்ததும் பாடம் வேளைக்குத் தொடங்குகிறதா என்று கவனித்தால், அப்பாடசாலையில் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துபோகும்.

வீடு மாறி வருபவர் தமது உரிமையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தை எக்காரணத்தால் இடம் பெயர்ந்தாலும், வெளி மாகாணத்திலிருந்தே வந்தாலும், பொதுப் பாடசாலையிலோ உதவி பெறும் பாடசாலையிலோ சேர உரிமையுண்டு என்று மேற்படி சட்டத்தின் 5-வது பிரிவு கூறுகிறது. பழைய பாடசாலையிலிருந்து டி.சி. வரத் தாமதமானது என்று புதிய பாடசாலை சேர்க்கையைத் தள்ளிப்போடலாகாது. கொடுக்கத் தாமதிக்கும் தலைமை உபாத்தியாயர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். வயதுக்கு அத்தாட்சி இல்லை என்பதோ, வருஷத்தின் நடுவில் வந்தாய் என்பதோ மறுப்பதற்குக் காரணமாகாது. இவ்விதிகள் மாற்றலாகி வரும் பாங்கு அதிகாரிக்கு அவ்வளவு முக்கியமல்ல. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வருகிற கூலிக்காரனுக்கு, வடநாட்டிலிருந்து வந்து ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் நிற்பவனுக்கு, இவையே உயிர். அத்தகைய குழந்தையை ஒரு பாடசாலை எப்படி வரவேற்கிறது என்பது, மற்றக் குழந்தைகளை அது எப்படி நடத்தும் என்பதற்கும் அளவுகோல்.

தேசாபிமானத்துக்காகக் குழந்தையைப் பலி கொடுங்கள் என்று நாம் யாரையும் கேட்கவில்லை. உபாத்தியாயரில்லாத பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்க ஒரு தகப்பன் தயங்கினால், குற்றம் அவனுடையதன்று, சர்க்காருடையது. 2015-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அலகாபாத் உயர்நீதிமன்றம், பொக்கிஷத்திலிருந்து சம்பளம் வாங்குவோர் யாவரும் தம் குழந்தைகளைச் சர்க்கார் தொடக்கப் பாடசாலைகளுக்கே அனுப்ப ஏற்பாடு செய்யுமாறு உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை; கட்டாயத்தால் வரக்கூடியதென்றும் நமக்குத் தோன்றவில்லை. ஆனால் அத்தீர்ப்பின் உட்பொருளை மறுப்பது கஷ்டம். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் விலகிப்போன இடத்தில் கேள்வி கேட்பாரில்லை. ஒவ்வொரு பொதுப் பாடசாலைக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் ஸ்திரீகள் என்பது சட்டம். அக்குழுவில் உட்கார்ந்து, காலியிடத்தை ஏன் நிரப்பவில்லை என்று மனு எழுதி, பதில் வரும் வரை விடாமலிருக்கக்கூடியவர்களின் பிள்ளைகள் வேறெங்கோ படிக்கிறார்கள். உயர்நீதிமன்றக் கிளைக்குச் சமீபத்திலிருக்கும் யா. கொடிக்குளத்தில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பாடசாலை உயர்நிலைப் பாடசாலையாக வேண்டுமென்று, பாங்கு ஊழியரான ஒரு தாய் காலஞ்சென்ற தம் மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024 ஜனவரியில் தானமாக எழுதிக் கொடுத்தார். அந்த வழியாகத் தினந்தோறும் மோட்டாரில் போகிற நமது தொழில் சகோதரர்களில் எத்தனை பேர் அப்பாடசாலைக்குள் சென்று பார்த்திருக்கிறார்கள்?

பாடசாலைகளின் விவரங்கள் யாவும் மத்திய சர்க்காரின் யுடைஸ் என்னும் பதிவில் இருக்கின்றனவே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், பதினொரு இலக்க எண்ணைத் தட்டினால் உபாத்தியாயர் எத்தனை, கக்கூஸ் எத்தனை என்பதெல்லாம் வருகின்றன. அவை பாடசாலையார் தாமே நிரப்பித் தருகிற கணக்குகள். செல்லூரில் தறி நெய்யும் பெண்ணுக்கு அந்த எண்ணும் தெரியாது, அந்தப் பதிவும் எட்டாது. மாநகராட்சியும் ஜில்லாக் கல்வி அதிகாரிகளும் செய்ய வேண்டியது எளிய காரியம். ஒவ்வொரு பாடசாலையின் வாசலிலும் தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். அனுமதிக்கப்பட்ட இடங்கள், நிரம்பிய இடங்கள், காலியான தேதி, வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் தொகை, மேலாண்மைக் குழு கூடும் நாள் ஆகியவற்றைச் சாக்பீஸினால் எழுதி, மாதந்தோறும் திருத்தட்டும். அடுத்த ஜூன் மாதம் பாடசாலைகள் திறப்பதற்குள் இதைச் செய்துமுடிக்கும்படி மாநகராட்சி மன்றத்தில் ஓர் அங்கத்தினராவது தீர்மானம் கொண்டுவர வேண்டும். அத்தீர்மானத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் கை தூக்குவோரின் பெயர்களை இப்பத்திரிகையில் பிரசுரிக்க நாம் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.