ஜோர்டான் பெயரில் ஒரு கவரிங்

மரப்பெட்டியைத் திறந்தால் ஆறு மோதிரங்கள் பளபளக்கும். 1991, 92, 93, 96, 97, 98. சிகாகோ புல்ஸ் அணி என்.பி.ஏ. சாம்பியன் ஆன வருஷங்கள். ஒவ்வொரு மோதிரத்தின் பக்கவாட்டிலும் ‘ஜோர்டான்’ என்று பொறித்திருக்கும். கம்ப்யூட்டரில் நாலு க்ளிக் பண்ணினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ரெப்ளிகா என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம பாஷையில் கவரிங். மலிவான உலோகத்தில் முலாம், வைரம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடிக் கல்.

கவரிங்கை நான் குறை சொல்ல மாட்டேன். கவரிங் வளையல் போட்டுக்கொள்கிற பெண் அதில் அடுத்தவர் பெயரைப் பொறித்துக்கொள்வதில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இந்த மோதிரத்தில் உங்கள் பெயர் எங்கே சார்?

கூடைப்பந்து உலகத்தில் இந்த மோதிரம் நகை இல்லை, சர்ட்டிஃபிகேட். ஒரு சீஸனுக்கு 82 மேட்ச். அதைத் தாண்டினால் நாலு சுற்று, ஒவ்வொன்றிலும் நாலு முறை ஜெயிக்கவேண்டும். முழங்கால் தேய்ந்து ஜெயித்து முடித்தால், அடுத்த சீஸனின் முதல் உள்ளூர் ஆட்டத்தன்று ஊரே பார்க்க மோதிரம் தருவார்கள். 36,928 பாயின்ட் எடுத்த கார்ல் மலோனுக்குக் கடைசிவரை அது கிடைக்கவில்லை. சார்ல்ஸ் பார்க்லிக்கும் இல்லை. நாலு மோதிரம் வாங்கிய ஷகீல் ஓ’நீல் டி.வி. நிகழ்ச்சியில் அதைச் சொல்லிச் சொல்லியே பார்க்லியைச் சீண்டுவார். பார்க்லியிடம் பணம் இல்லையா? நினைத்தால் மோதிரக் கடையையே வாங்கிவிடுவார். ஆனாலும் அந்தக் கிண்டலுக்கு அவரிடம் பதில் கிடையாது. அந்தப் பதில் கடையில் கிடைக்காது என்பதால்தான் மோதிரத்துக்கே மரியாதை.

இன்னொரு வேடிக்கை. நிஜமாக ஜெயித்தவர்கள் அதைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். கரீம் அப்துல் ஜப்பார் 2019-ல் நாலு மோதிரங்களை ஏலம் விட்டார். ஒன்று மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் டாலருக்குப் போனது. ஏலத் தொகையில் பெரும்பகுதி பிள்ளைகளின் அறிவியல் படிப்புக்கு. லேக்கர்ஸ் வீரர் ரான் ஆர்டெஸ்ட், வாராது வந்த ஒரே மோதிரத்தை 2010-ல் குலுக்கலில் வைத்து, மனநல சேவைக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். வியர்வை சிந்தியவருக்கு அது இல்லாமல் முடிகிறது. சோபாவில் சிப்ஸ் கொறித்தவருக்கு முடியவில்லை!

“ஒரு ஞாபகார்த்தம்தானே, விடுங்களேன்” என்பீர்கள். சரி, எதன் ஞாபகம்? சில அணிகள் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு இலவசமாகவே ரெப்ளிகா கொடுக்கின்றன. அதை அலமாரியில் வையுங்கள், சந்தோஷம். அன்று நீங்கள் அங்கே இருந்தீர்கள். அது உங்கள் ஞாபகம். 1998-ல் பிறந்தே இராத பையன் விரலில் 1998 மோதிரம் எதை ஞாபகப்படுத்தும்? இவற்றில் எத்தனையோ அணியின் அனுமதியே இல்லாமல் அச்சடித்தவை. அமெரிக்க சுங்கத்துறை இப்படிப்பட்ட போலி சாம்பியன் மோதிரப் பார்சல்களைப் பலமுறை மடக்கியிருக்கிறது.

ரசிகனுக்கு மோதிரம் கூடவே கூடாதா? கூடும். நவ் பாட்டியா என்று ஒரு சர்தார்ஜி. 1984-ல் டெல்லியிலிருந்து கனடா போனவர். டொரான்டோ ராப்டர்ஸ் அணி 1995-ல் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து பல வருஷங்கள் உள்ளூர் ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் பார்த்தவர். தோற்றுக்கொண்டே இருந்த வருஷங்களிலும் தலைப்பாகையோடு அதே இடத்தில் உட்கார்ந்து கத்தியவர். 2019-ல் ராப்டர்ஸ் சாம்பியன் ஆனதும் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு அசல் மோதிரத்தையே கொடுத்தது. பந்தைத் தொடாத மனிதருக்கு! நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

மரப்பெட்டிக்காரரிடம் உங்கள் பெயரைப் பொறித்துத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். தாராளமாகத் தருவார். அதற்குத் தனி சார்ஜ்.