மயங்கியவருக்குக் காவல் யார்?

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைக் கேட்டுப் பாருங்கள். கத்தி வைத்த டாக்டரின் பெயரைச் சொல்வார். அவர் கைராசியையும் புகழ்வார். மயக்க மருந்து கொடுத்தவர் யார் என்றால் விழிப்பார். முகத்தைப் பார்த்த சில நிமிஷங்களில் கண் மூடிவிட்டதே, பாவம்!

அந்தப் பெயர் தெரியாத டாக்டர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. 1947ல் தோன்றிய இந்திய மயக்கவியல் நிபுணர்கள் சங்கம் ஆண்டுதோறும் விஞ்ஞான மாநாடு கூட்டுகிறது. மாநிலக் கிளைகளும் தனித்தனியே கூட்டுகின்றன. குத்துவிளக்கு ஏற்றும் படத்தோடு பத்திரிகைச் செய்தி முடிந்துவிடும். உள்ளே பேசப்படுவதோ நம் உயிர் விஷயம்.

1846 அக்டோபர் 16ந் தேதி பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டும் வரையில், அலறும் நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, அறுத்தார்கள். அடுத்த ஆண்டே குளோரோபாரம் வந்தது. கூடவே திடீர் மரணங்களும் வந்தன. காரணம் இதயமா, மூச்சா? இந்த வழக்கை விசாரித்த இடம் லண்டன் அல்ல, ஹைதராபாத். 1888லும் 1889லும் எட்வர்ட் லாரி என்ற டாக்டர், நிஜாம் தந்த பணத்தில், நூற்றுக்கணக்கான பிராணிகளிடம் சோதனை நடத்தினார். லண்டன் ‘லான்செட்’ பத்திரிகை லாடர் பிரண்டன் என்ற நிபுணரையே அனுப்பிவைத்தது. முதலில் நிற்பது மூச்சுத்தான், நாடியை விட்டு மூச்சைக் கவனியுங்கள் என்பது லாரியின் தீர்ப்பு. இதயமும் திடீரென நிற்கக்கூடும் என்று 1911ல் லெவி நிரூபித்தார்; தீர்ப்பில் பாதி போயிற்று. மூச்சைக் கவனி என்ற பாதி இன்றும் நிற்கிறது. உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணராகக் கருதப்படும் ரூபா பாய் ஃபர்தூன்ஜியும் அதே ஹைதராபாத்தில் அக்காலத்தில் பயின்றவரே.

மூச்சு என்றதும் திருப்பதிக்காரர்களுக்கு வேறொரு இரவு நினைவுக்கு வரும். 2021 மே 10ந் தேதி ரூயா அரசு ஆஸ்பத்திரியில் பிராணவாயு அழுத்தம் குறைந்து 11 கொரோனா நோயாளிகள் இறந்ததாக அரசே அறிவித்தது. வரவேண்டிய டாங்கர் லாரி தாமதமாயிற்று. அது வரவேண்டியது தமிழ்நாட்டு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து. புதிய மருந்துகளைப் பற்றி எத்தனை கட்டுரை வேண்டுமானாலும் படிக்கட்டும். குழாயில் வாயு குறைந்தால் அடுத்த நிமிஷம் எந்த சிலிண்டரை யார் திறப்பது என்பதற்கும் மாநாட்டில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பிராணவாயுவின் போக்கை இவர்களை விட அறிந்தவர் ஆஸ்பத்திரியில் இல்லை.

அடுத்தது, ஆள் பற்றாக்குறை. தியேட்டர் இருக்கும், சர்ஜனும் இருப்பார். மயக்க மருந்து டாக்டர் இல்லாததால், பிரசவ வலியில் துடிப்பவளை “திருப்பதிக்குக் கொண்டுபோங்கள், வேலூருக்குக் கொண்டுபோங்கள்” என்பார்கள். வாடகை வண்டியில் அந்த மைல்களைக் கடப்பது கூலிக்காரன் குடும்பம். எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குப் பயிற்சி தந்து பிரசவ அவசரங்களுக்குத் தயாராக்கும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. நல்ல திட்டம். பயிற்சி பெற்றவரைத் தியேட்டரே இல்லாத இடத்தில் உட்காரவைத்தால் பயன் என்ன? எத்தனை பேர் அந்த வேலையையே பார்க்கிறார்கள் என்று சங்கம் கணக்கெடுத்து அரசிடம் கேட்க வேண்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மயக்கத்துக்கு முன் டாக்டர் கேட்பார்: ஆஸ்துமா உண்டா, பீடி, சாராயம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பல் செட் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? தெலுங்கில் கேட்டதற்குப் புரியாமல் தலையாட்டுவது ஆபத்து. மச்சான் பக்கத்தில் நிற்கிறாரே என்று குடியை மறைப்பதும் ஆபத்து. திட உணவுக்குப் பின் ஆறு மணி, வெறும் தண்ணீருக்குப் பின் இரண்டு மணி என்பது பொதுக் கணக்கு. உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. பிள்ளை அழுகிறதே என்று தாய் ஒளித்துக் கொடுக்கும் ஒரு இட்லி, மயக்கத்தில் வாந்தியாகி மூச்சுக்குழாயில் இறங்கலாம். சித்தூர்க் கடைவீதியில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் தமிழில் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சிட ஆஸ்பத்திரிகளுக்கு என்ன செலவு?

மாநாட்டில் அரை நாளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம். தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம். 2017ல் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸையே நடத்திய திருப்பதியில் மண்டபத்துக்குப் பஞ்சமில்லை.